அரட்டைச் சேவையை மூடுகிறார்களாம், 43 பேரை எங்கே கூட்டிக்கொண்டு போவது?

#1 நடைவண்டி

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வாசகர் குழு ஆறு வருடமாக ஓர் அரட்டைச் சேவையில் இயங்கி வருகிறது. பெயர் வேண்டாம். போன வாரம் அறிவிப்பு வந்தது, 60 நாளில் கடையைச் சாத்துகிறார்கள். "உங்கள் தரவைப் பதிவிறக்கிக்கொள்ளுங்கள்" என்று ஒரு பொத்தான் வைத்திருந்தார்கள். அழுத்திவிட்டு இரண்டு நாள் காத்திருந்ததில் ஒரு ஜிப் கோப்பு வந்தது. உள்ளே ஒரே ஒரு டெக்ஸ்ட் கோப்பு. திறந்தால் பக்கம் பக்கமாக இப்படித்தான்:

நீக்கப்பட்ட பயனர்: [இணைப்பு சேர்க்கப்படவில்லை]
பயனர் 17: இதைத்தான் நேற்றே சொன்னேன்
நீக்கப்பட்ட பயனர்: ஆமாம்
நீக்கப்பட்ட பயனர்: [இணைப்பு சேர்க்கப்படவில்லை]

யார் எதைச் சொன்னார்கள், எதற்கு ஆமாம் என்றார்கள், ஒரு மண்ணும் புரியவில்லை. குழுவை விட்டு விலகியவர்கள், கணக்கை அழித்தவர்கள், இரண்டு வருடம் முன்பு காலமான எங்கள் மூத்த உறுப்பினர், எல்லோருக்கும் அந்தக் கோப்பில் ஒரே பெயர்.

போனது போகட்டும். இனி எங்கே போவது என்பதுதான் கேள்வி. குழுவில் பாதிப் பேர் "எல்லோரும் இருக்கிற இடத்துக்கே போவோம்" என்கிறார்கள். மீதிப் பேர் "இன்னொரு தடவை இப்படி மாட்ட வேண்டாம், திறந்த தரநிலை எதையாவது, அதாவது எந்த ஒரு நிறுவனத்துக்கும் சொந்தமில்லாத பொது விதியில் ஓடுகிற ஒன்றைப் பார்ப்போம்" என்கிறார்கள். நான் நடுவில் நிற்கிறேன். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

#2 கடைசிபெஞ்சு

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? எல்லோர் போனிலும் வாட்ஸ்அப் இருக்கும். குழு ஆரம்பித்து 43 எண்களையும் சேர்த்துவிடுங்கள், பத்து நிமிட வேலை. புதிதாக ஒரு செயலியை இறக்கச் சொன்னால் 15 பேர் வருவார்கள், அந்த 15 பேரும் வாயைத் திறக்க மாட்டார்கள். திறந்த தரநிலை பேசுகிறவர்கள் எல்லோரும் நல்லவர்கள்தான். என்ன, அவர்கள் வைத்திருக்கும் செயலியில் பேச ஆள் கிடைக்காமல் இங்கே வந்து பேசுகிறார்கள் :)

#3 தபால்பை

வந்துவிட்டேன் :)

"எல்லோரும் இருக்கிற இடம்" என்ற வாதத்தை நான் என் வாழ்நாளில் ஐந்து தடவை கேட்டாயிற்று. 1997-ல் வந்த ஏஓஎல் மெசஞ்சர் 2017 டிசம்பர் 15 அன்று நின்றது. யாஹூ மெசஞ்சர் 2018 ஜூலையில். கூகுள் ஹேங்அவுட்ஸ் 2022 நவம்பரில். ஐசிக்யூ 2024 ஜூனில். ஸ்கைப் 2025 மே மாதம். ஒவ்வொன்றும் அதனதன் காலத்தில், யாரோ ஒரு கூட்டத்துக்கு, எல்லோரும் இருக்கிற இடமாகத்தான் இருந்தது.

மின்னஞ்சலைப் பாருங்கள். மடல் அனுப்பும் எஸ்எம்டிபி முறைக்காக ஜான் போஸ்டல் எழுதிய தரநிலை ஆவணம், ஆர்எஃப்சி 821, வந்தது 1982 ஆகஸ்ட். நான் இன்றைக்கும் அவ்வப்போது என் சர்வரிலிருந்து கையாலேயே ஒரு மடல் தட்டி அனுப்பிப் பார்ப்பேன், பொழுதுபோக்குதான். மடலுக்கென்று ஒதுக்கிய 25-ஆம் போர்ட்டைத் திறந்ததும் எதிர்முனை 220 என்று குரல் கொடுக்கும். நான் ஹெலோ சொல்லி என் பெயரைச் சொன்னால் 250 என்று தலையாட்டும். அனுப்புகிறவர் யார் என்று சொன்னால் ஒரு 250, வாங்குகிறவர் யார் என்று சொன்னால் இன்னொரு 250. டேட்டா என்று தட்டினால் 354, "ம், எழுது" என்று அர்த்தம். எழுதி முடித்ததும் தனி வரியில் ஒரே ஒரு புள்ளி. மடல் போய்விடும்.

நாற்பது வருடம் தாண்டியும் பேச்சு மாறவில்லை. எதிர்முனையில் இருப்பது எவ்வளவு பெரிய நிறுவனமாக இருந்தாலும் என் ஹெலோவுக்குப் பதில் சொல்கிறது. எந்த அரட்டைச் சேவையின் சர்வரிலாவது நீங்களாகப் போய் இப்படிக் கதவைத் தட்ட முடியுமா?

#4 ஊமைவெயில்

தபால்பை அண்ணா, 250 சொல்லும், வாஸ்தவம். அப்புறம் மடலைக் கொண்டுபோய் ஸ்பேமில் போடும், அதையும் சொல்லுங்கள்.

நான் நாலு வருடம் சொந்த மெயில் சர்வர் வைத்திருந்தவன். மடல் என்னிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் சான்றுகளான எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றும் சரியாகப் போட்டிருந்தேன். ஐபி எண்ணை வைத்து சர்வரின் பெயரைக் காட்டும் ரிவர்ஸ் டிஎன்எஸ் இருந்தது. நான் அனுப்புவது நாளுக்கு நாலு மடல். ஒருநாள் காலையில் ஒரு பெரிய சேவைக்குப் போகும் மடல்கள் மட்டும் மாயமாகின்றன. திரும்பியும் வரவில்லை, ஸ்பேமிலும் இல்லை. பதிவேட்டில் பார்த்தால் அழகாக 250 என்று இருக்கிறது! மூன்று வாரம் அலைந்த பிறகுதான் தெரிந்தது, என் ஐபி இருந்த வரிசையில் பக்கத்து எண்ணை வைத்திருந்த எவனோ குப்பை மடல் அனுப்பியிருக்கிறான். அவன் செய்ததற்கு என்னையும் சேர்த்துத் தள்ளிவைத்துவிட்டார்கள். முறையிட ஒரு படிவம் உண்டு. நிரப்பினால் ரோபோ பதில் போடும்.

தரநிலை திறந்துதான் இருக்கிறது. ஆனால் பெரும்பாலான அஞ்சல்பெட்டிகள் நாலைந்து பேர் கையில் இருக்கும்போது யார் மடலை ஏற்பது என்பதை அவர்கள்தான் முடிவு செய்கிறார்கள். 2024 பிப்ரவரியில் கூகுளும் யாஹூவும் சேர்ந்து புது விதி போட்டார்கள், மொத்தமாக மடல் அனுப்புகிறவர்களுக்கு (கூகுள் கணக்கில் நாளுக்கு 5000) இன்னின்ன சான்றுகள் கட்டாயம் என்று. குப்பையைத் தடுக்க நல்ல விதிதான், குறை சொல்லவில்லை. ஆனால் எந்தத் தரநிலைக் குழுவிலும் கையைத் தூக்கி வாக்கெடுக்கவில்லை. இரண்டு நிறுவனங்கள் சொன்னார்கள், உலகம் செய்தது.

#5 கடைசிபெஞ்சு

பார்த்தீர்களா, உங்கள் ஆளே சொல்கிறார்.

#6 தபால்பை

ஊமைவெயில் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட மறுக்க மாட்டேன். நானும் அந்தப் படிவத்தை நிரப்பியவன்தான். ஆனால் தம்பி, நீ சர்வரை மூடினாயே, முகவரியையும் மூடினாயா?

#7 ஊமைவெயில்

இல்லை. டொமைன், அதாவது முகவரியில் @-க்குப் பின்னால் வரும் பெயர், என்னுடையதுதானே. கட்டணச் சேவை ஒன்றில் போய்ச் சேர்ந்தேன், மடல் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவை மாற்றினேன், மறுநாள் காலை அதே முகவரிக்கு மடல் வந்தது. எழுதுகிறவர்களுக்கு எதுவுமே தெரியாது.

சரி, நீங்கள் எங்கே இழுத்துப்போகிறீர்கள் என்று புரிகிறது.

#8 தபால்பை

அதேதான். நான் சர்வர் வைத்திருக்கிறேனா இல்லையா என்பது பொழுதுபோக்கு சம்பந்தப்பட்ட விஷயம். நான் மூன்று தடவை மின்னஞ்சல் சேவையை மாற்றியிருக்கிறேன், ஒருவருக்கும் "என் புது முகவரி இது" என்று எழுதியதில்லை. நடைவண்டியின் கோப்பில் ஏன் எல்லோரும் "நீக்கப்பட்ட பயனர்" ஆனார்கள்? அவர்கள் பெயர் அவர்களுடையதாகவே இல்லை. சேவை கொடுத்தது, சேவை எடுத்துக்கொண்டது. நான் எதையும் பார்த்தால் முதலில் கேட்பது இந்த ஒன்றைத்தான்: இங்கிருந்து வெளியேறினால் ஆட்கள் என்னைக் கண்டுபிடிக்க முடியுமா? மென்பொருள் திறந்ததா மூடியதா என்பதெல்லாம் எனக்கு இரண்டாம் பட்சம்.

#9 செதில்

அரட்டையிலும் இதைச் செய்து பார்த்தார்கள், அந்தக் கதையைச் சொல்லாமல் விட்டால் எப்படி.

ஜெரமி மில்லர் 1999-ல் ஜாபர் என்று ஒன்றைத் தொடங்கினார். 2004-ல் அது எக்ஸ்எம்பிபி என்ற பெயரில், இணையத் தரநிலைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பின் தரநிலை ஆனது. முகவரி மின்னஞ்சல் மாதிரியே இருக்கும்: பெயர், நடுவில் @, அப்புறம் சர்வர். உங்கள் சர்வரிலிருந்து என் சர்வருக்குப் பேசலாம். 2005-ல் கூகுள் டாக் வந்தபோது இதன்மேல்தான் கட்டினார்கள். 2006 ஜனவரியில் வெளிச் சர்வர்களுக்கும் கதவைத் திறந்துவிட்டார்கள். அன்றைக்கு நான் ஆடிய ஆட்டம் கொஞ்சநஞ்சமல்ல. என் அறையில் மேஜைக்கடியில் இருந்த பழைய கணினியிலிருந்து, ஜிமெயில் வைத்திருந்த யாரோடும் அரட்டை அடிக்க முடிந்தது. அவர்களுக்கு நான் எங்கிருக்கிறேன் என்று தெரியவே தெரியாது.

2013 மே மாதம் ஹேங்அவுட்ஸ் வந்தது. அதில் வெளிச் சர்வர்களோடு பேசும் வசதி இல்லை. கதவை ஒரேயடியாக அடைத்திருந்தால்கூட ஊர் கூடிக் கத்தியிருப்போம். நடந்தது வேறு. எதிர்முனையில் இருப்பவர் எப்போது ஹேங்அவுட்ஸுக்கு மாறுகிறாரோ அப்போது அவர் மட்டும் என் பட்டியலில் சாம்பல் நிறமாகிவிடுவார். இன்று ஒருவர், அடுத்த வாரம் இருவர். பச்சைப் புள்ளிகள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டே வந்தன. நான் ஏதோ என் சர்வரில்தான் கோளாறு என்று நினைத்து ஒரு மாதம் நோண்டிக்கொண்டிருந்தேன்.

இதற்கும் முன்னால் ஒரு சண்டை உண்டு. 1999-ல் மைக்ரோசாஃப்ட் தன் எம்எஸ்என் மெசஞ்சரை ஏஓஎல் பயனர்களோடும் பேசுகிற மாதிரி செய்து வெளியிட்டது. ஏஓஎல் தடுத்தது. இவர்கள் மாற்றினார்கள். அவர்கள் மறுபடி தடுத்தார்கள். கடைசியில் ஏஓஎல் தன் சொந்தச் செயலியில் இருந்த ஒரு பாதுகாப்பு ஓட்டையையே சோதனைச் சாவடியாக்கியது: அந்த ஓட்டை இருந்தால் நம் ஆள், இல்லாவிட்டால் அந்நியன். எவ்வளவு வெறி இருந்தால் இப்படித் தோன்றும் பாருங்கள்.

#10 குறுக்குச்சாலை

நான் செய்தியனுப்பும் மென்பொருள் எழுதித்தான் பிழைக்கிறேன். எதிர்த்தரப்புக்கும் ஒருவர் பேச வேண்டுமே.

சிக்னல் செயலியை உருவாக்கிய மாக்ஸி மார்லின்ஸ்பைக் 2016-ல் ஒரு கட்டுரை எழுதினார். கூட்டாட்சி முறையில், அதாவது பலர் கையில் இருக்கும் சர்வர்கள் ஒன்றோடொன்று பேசும் முறையில், இயங்கும் நெறிமுறைகள் மாற முடியாமல் உறைந்துபோய்விடும் என்பதுதான் அதன் சாரம். யோசித்துப் பாருங்கள். மின்னஞ்சலில் உள்ளடக்கத்தைப் பூட்டி அனுப்ப பிஜிபி 1991-லேயே வந்துவிட்டது. இந்த இழையில் இருப்பவர்களில் எத்தனை பேர் தங்கள் அம்மாவுக்கு பிஜிபியில் மடல் எழுதியிருக்கிறீர்கள்? வாட்ஸ்அப் 2016 ஏப்ரலில் முனைக்கு முனை மறையாக்கத்தை (அனுப்புகிறவரும் வாங்குகிறவரும் மட்டுமே படிக்க முடிகிற பூட்டை) முழுதாக இயக்கியது. நூறு கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு அது போய்ச் சேர்ந்தது. யாரும் எதையும் கற்றுக்கொள்ளவில்லை, ஒரு சாவியையும் உருவாக்கவில்லை. செயலியும் சர்வரும் ஒரே கையில் இருந்ததால்தான் முடிந்தது. எக்ஸ்எம்பிபியிலும் ஒமெமோ என்று மறையாக்கம் உண்டு. ஆனால் இவர் செயலியில் இருக்கும், அவர் செயலியில் இருக்காது, மூன்றாமவர் செயலியில் இருக்கும் ஆனால் படம் அனுப்பினால் வேலை செய்யாது.

இன்னொன்று, இந்த மூடிய பெட்டிகளுக்குள் இருப்பதெல்லாம் திறந்த செங்கல்தான். வாட்ஸ்அப் தொடங்கியதே ஈஜாபர்டி என்ற திறந்த எக்ஸ்எம்பிபி சர்வரைத் தனக்கேற்ப வெட்டி ஒட்டி. மறையாக்கம் சிக்னல் நெறிமுறை. நீங்கள் அனுப்புகிற குரல் செய்தி ஓபஸ் வடிவத்தில் போகிறது, அது 2012-ல் வந்த ஆர்எஃப்சி 6716. போனில் ஃபோர்ஜி அழைப்பு வந்தால் உள்ளே ஓடுவது எஸ்ஐபி, அதுவும் ஐஇடிஎஃப் தரநிலை. திறந்த தரநிலை தோற்றுவிட்டது என்று புலம்பாதீர்கள். அடித்தளமாகப் போய்விட்டது, அவ்வளவுதான்.

#11 செதில்

அடித்தளமெல்லாம் சரி. அஸ்திவாரம் பொதுச்சொத்து, வாசல் கதவுக்கு மட்டும் உங்கள் பூட்டு. இதை எந்த ஊரில் நியாயம் என்பார்கள்?

#12 குறுக்குச்சாலை

நியாயம் என்று நான் சொல்லவே இல்லை. ஏன் அப்படி நடந்தது என்று சொன்னேன்.

#13 எழுத்தாணி

திறந்த தரநிலை என்றாலே நமக்கானது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எஸ்எம்எஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த நிறுவனத்தின் போனிலிருந்தும் எந்த நிறுவனத்தின் போனுக்கும் போகும், அதைவிடத் திறந்தது கிடையாது. ஒரு செய்திக்கு 140 பைட் இடம். ஆங்கிலத்துக்கு எழுத்துக்கு 7 பிட், ஆக 160 எழுத்து. தமிழில் எழுதினால் குறிக்கு 16 பிட், ஆக 70 குறி.

எழுபது எழுத்து இல்லை, எழுபது குறி. "வணக்கம்" என்பதைக் கண்ணால் எண்ணினால் ஐந்து எழுத்து. கணினி எண்ணினால் ஏழு: வ, ண, க, புள்ளி, க, ம, புள்ளி. ஒவ்வொரு மெய்யெழுத்தின் தலையிலும் இருக்கும் புள்ளிக்கு இரண்டு பைட் அழ வேண்டும். செய்தி நீண்டுவிட்டால் துண்டு துண்டாக ஒட்டுவதற்கே கொஞ்சம் இடம் போய், துண்டுக்கு 67. நாலு வரி எழுதினால் மூன்று செய்தி. என் தலைமுறையில் பாதிப் பேர் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டப் பழகியதற்கு இதுவும் ஒரு காரணம் என்பேன். பிற்பாடு தமிழுக்கென்று 7 பிட் அட்டவணை ஒன்றைத் தரநிலையில் சேர்க்கத்தான் செய்தார்கள். ஏட்டில் இருக்கிறது. நான் வைத்திருந்த எந்தப் போனும் அதைச் சீண்டியதில்லை.

நேர்மாறான உதாரணமும் உண்டு. எமோஜி. ஜப்பானில் ஒவ்வொரு தொலைபேசி நிறுவனமும் தனக்கென்று ஒரு படத்தொகுப்பு வைத்திருந்தது. ஒருவர் அனுப்பிய சிரிப்பு இன்னொருவர் போனில் வெறும் கட்டமாகத் தெரியும். 2010-ல் யூனிகோடு 6.0 அவற்றை எண் போட்டு வரிசையில் வைத்தது. அதனால்தான் கடைசிபெஞ்சு எந்தச் செயலியிலிருந்து கண்ணடித்தாலும் நமக்குத் தெரிகிறது.

#14 கடைசிபெஞ்சு

நான் இங்கே போடுவது முக்காற்புள்ளியும் அடைப்புக்குறியும் அய்யா. எமோஜியெல்லாம் உங்கள் காலத்து விஷயம் :)

#15 நெறியாளர்

நடைவண்டிக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை என்பதை நினைவூட்டுகிறேன்.

#16 நடைவண்டி

பரவாயில்லை, படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஒரு கேள்வி. ஐரோப்பாவில் எல்லாச் செயலிகளும் ஒன்றோடொன்று பேச வேண்டும் என்று சட்டம் வந்ததாகக் கேள்விப்பட்டேனே? அப்படியானால் பிரச்சினையே தீர்ந்ததல்லவா?

#17 செதில்

எல்லாச் செயலிகளும் இல்லை. டிஜிட்டல் சந்தைகள் சட்டம் என்று பெயர். "வாயிற்காவலர்" என்று ஐரோப்பிய ஆணையம் அறிவிக்கிற பெரிய சேவைகளுக்கு மட்டும். 2023 செப்டம்பரில் வாட்ஸ்அப்பும் மெசஞ்சரும் அந்தப் பட்டியலில் வந்தன. ஆப்பிளின் ஐமெசேஜ் வரவில்லை, 2024 பிப்ரவரியில் விட்டுவிட்டார்கள். பட்டியலில் இருப்பவர்கள், வெளியே இருக்கும் சேவை ஒன்று கேட்டால் இணைப்புக் கொடுக்க வேண்டும். முதலில் இருவருக்கிடையிலான செய்தி, இரண்டு வருடத்தில் குழுக்கள், நாலு வருடத்தில் அழைப்புகள்.

கேட்டால்தான், கவனியுங்கள். சிக்னல் கேட்கவில்லை, தங்கள் பாதுகாப்புத் தரம் இறங்கிவிடும் என்றார்கள். பயனரும் விருப்பப்பட்டு இயக்கினால்தான். அது போக, ஐரோப்பாவுக்கு வெளியே இருக்கும் நமக்கு இது பொருந்தாது. மறையாக்கத்தோடு குழுக்களை இணைக்க எம்எல்எஸ் என்ற தரநிலை 2023 ஜூலையில் வந்துவிட்டது, ஆர்எஃப்சி 9420. கருவி தயார். பிடிக்கிற கைதான் யோசிக்கிறது.

ஆப்பிள் 2024 செப்டம்பரில் ஐஓஎஸ் 18-ல், எஸ்எம்எஸ்ஸுக்கு அடுத்து வந்த பொதுத் தரநிலையான ஆர்சிஎஸ்ஸைச் சேர்த்தது நினைவிருக்கிறதா? அதற்கு எத்தனை வருடம் எத்தனை பேர் கெஞ்ச வேண்டியிருந்தது.

#18 குறுக்குச்சாலை

ஒரு திருத்தம் இல்லை, ஓர் எச்சரிக்கை. தரநிலைக் குழு கூடி எழுதியதாலேயே ஒன்று வாழ்ந்துவிடாது. மின்னஞ்சலுக்கே அதிகாரபூர்வமான தரநிலை வேறொன்று இருந்தது: எக்ஸ்.400, 1984. சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பு கொண்டுவந்தது. முகவரியில் நாடு, நிர்வாகம், நிறுவனம், குடும்பப்பெயர் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுத வேண்டும். ஒரு முகவரியை எழுதி முடிப்பதற்குள் சொல்ல வந்தது மறந்துவிடும். நாலு பேர் எளிதாக எழுதி ஓட்டிக்காட்டிய எஸ்எம்டிபிதான் நின்றது.

#19 ஊமைவெயில்

நடைவண்டி, என் யோசனை இது. வாசகர் குழுவில் நீளமாக எழுதுவதும் இருக்கும், "எத்தனை மணிக்குக் கூட்டம்" என்பதும் இருக்கும். இரண்டையும் ஒரே இடத்தில் வைத்ததுதான் உங்கள் சிக்கல். மணி கேட்பதற்கு வாட்ஸ்அப்போ வேறெதுவோ இருந்துவிட்டுப் போகட்டும், நாளைக்கே காணாமல் போனாலும் இழப்பில்லை. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக்கின் வழித்தடப் பதிவுகள் இணையத்திலிருந்து விழுந்து, வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் எல்லாம் ஏறக்குறைய ஆறு மணி நேரம் போயிற்றே, அந்த மாதிரி நாளில் கூட்டத்துக்கு யார் வருகிறார்கள் என்று தெரியாமல் போகும், அவ்வளவுதான்.

எழுதுவதற்கு ஒரு மடற்குழு வையுங்கள். டொமைன் உங்கள் பெயரில் இருக்கட்டும், சர்வர் வாடகைக்கு இருக்கட்டும், சொந்தமாக ஓட்டாதீர்கள், நான் பட்டது போதும். மடற்குழுவில் எழுதியது 43 பேருடைய பெட்டியிலும் ஒரு பிரதியாகப் போய் விழும். நாளைக்கு உங்கள் சேவை மூடினாலும் 43 பிரதியையும் யாராலும் "நீக்கப்பட்ட பயனர்" ஆக்க முடியாது.

#20 தபால்பை

நான் சொல்ல நினைத்ததை என் எதிரி சொல்லிவிட்டான். இரண்டு பேர் பெயரில் டொமைன் இருக்கட்டும், புதுப்பிக்கும் தேதியை எங்காவது குறித்து வையுங்கள். திறந்த தரநிலைக்காரன் கதைகளில் பாதி, புதுப்பிக்க மறந்த டொமைனில்தான் முடியும்.

#21 நடைவண்டி

ஐந்து வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். டொமைன் வாங்கியாயிற்று, இரண்டு பேர் பெயரில். மடற்குழுவும் வைத்தாயிற்று. எல்லோரிடமும் மின்னஞ்சல் கேட்டதில் 37 பேர் கொடுத்தார்கள். மூன்று பேர் "என் மகனைக் கேட்க வேண்டும்" என்றார்கள். மீதி மூன்று பேர் பதிலே இல்லை, அவர்கள் அரட்டைக் குழுவில் மட்டும் இருக்கிறார்கள்.

முதல் மடலாக அந்த டெக்ஸ்ட் கோப்பையே அனுப்பி, "இதில் உங்கள் வரிகள் தெரிந்தால் சொல்லுங்கள்" என்று கேட்டேன். எதிர்பார்க்கவில்லை, 11 பேர் உட்கார்ந்து அடையாளம் கண்டு அனுப்பினார்கள். ஓர் அக்கா, காலமான எங்கள் பெரியவரின் பதிவுகள் ஏறக்குறைய எல்லாவற்றையும் பிரித்துக் கொடுத்துவிட்டார். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "அவர் ஒருத்தர்தான் கேள்விக்குறிக்கு முன்னால் ஓர் இடைவெளி விடுவார்" என்றார்.

படங்கள் போனது போனதுதான்.

இந்த இழையில் பேசிய எல்லோருக்கும் நன்றி. கடைசிபெஞ்சு, நீங்களும் குழுவில் சேர விரும்புவதாகத் தனிமடலில் சொன்னீர்களே, போன வாரமே அழைப்பு அனுப்பினேன்.

#22 கடைசிபெஞ்சு

வரவேயில்லையே. பொறுங்கள்.

...ஸ்பேமில் கிடக்கிறது :)

#23 ஊமைவெயில்

நடைவண்டி, டிகேஐஎம் போட்டீர்களா?